நான் செய்யவில்லை என்றிருந்த ஒரு நாள்

என் கணவரின் கையில் வடிகஞ்சி கொட்டிய அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும். அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தேன். பானை சரிந்தது, மூடி நழுவியது, கொதிக்கிற கஞ்சி அவர் மணிக்கட்டில் வழிந்தது, அவர் ‘ஆத்தீ’ என்று கத்தினார். இவ்வளவையும் நான் வரிசையாகப் பார்த்தேன். பதறவில்லை. ‘கை சுடுகிறது, வாய் கத்துகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று உள்ளே ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். இடையில் போனது மூன்று நான்கு விநாடிதான் இருக்கும்.

அன்று சாயங்காலம், கையில் களிம்போடு உட்கார்ந்திருந்த மனிதர் கேட்டார்.

“ஏன் அப்படிப் பாத்துக்கிட்டு நின்ன?”

“பதறல. அம்புட்டுத்தான்.”

“பதறாதது வேற. நீ அங்கனயே இல்லடி.”

எனக்குக் கோபம் வந்தது. நூல் மில்லில் முப்பது வருஷம் இரைச்சலுக்குள் நின்று ஓய்வு பெற்றவருக்கு மன அமைதியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த மூன்று விநாடியை முன்னேற்றம் என்றே கணக்கில் வைத்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வேதியியல் படித்தவள். இராஜபாளையத்துக்கு வெளியே, காயத்துக்குப் போடும் கட்டுத்துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாக வேலை. தறியிலிருந்து வருகிற துணியை வெளுத்து, வெட்டி, மடித்து, பொட்டலமாக்கி, கடைசியில் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். அந்தக் கடைசி அறை என் பொறுப்பு. ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. ஸ்டெரிலைசர் என்போம். அதற்குள் கூடை கூடையாகப் பொட்டலங்களை ஏற்றி, கதவைத் திருகி மூடி, நீராவி விட வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். பதினோரு வருஷமாக நானும் அவளும் ஒரே பெஞ்சில் மதியச் சோறு சாப்பிடுகிறோம்.

அந்த அறையில் நான் செய்கிற காரியங்களில் முக்கியமானது ஒன்றுதான். நீராவி எல்லாப் பொட்டலத்தையும் வெளியிலிருந்து தொட்டுவிடும். ஆனால் கூடைகளுக்கு நட்டநடுவே இருக்கிற பொட்டலத்தின் உள்ளே போயிற்றா என்பதுதான் கேள்வி. அதற்காக அந்த நடுப் பொட்டலத்துக்குள் ஒரு சின்னக் காகிதம் வைப்போம். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவி போதிய நேரம் உள்ளே தங்கினால் கோடுகள் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் மொத்தத்தையும் திரும்ப வேகவைக்க வேண்டும். நான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, காகிதத்தை எடுத்துப் பார்த்து, நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் பெட்டிகள் வெளியே போகும். பிரித்த உடனே புண்ணில் வைக்கலாம் என்று பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும். அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது என் கண் மட்டும்தான்.

வேதாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் போகிற தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலை நடக்கும். சொல்லித் தருகிறவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, எங்கெங்கோ போய்ப் படித்துவிட்டு வந்தவர். முதல் நாள் ‘தம்பி’ என்று கூப்பிட வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ‘சார்’ என்றேன். நல்ல மனிதர். சமஸ்கிருதத்தைப் பயமில்லாமல் சொல்லிக்கொடுப்பார். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போனிலேயே எல்லோரும் சேர்ந்து மந்திரம் சொல்லிப் பழகுவோம். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வரி வரும்.

என்னைப் பிடித்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. உடம்பு செய்கிறது, மனசு நினைக்கிறது, இரண்டையும் அறிந்துகொண்டிருப்பதுதான் நீ. நீ எதையும் செய்கிறவள் இல்லை. இதைக் கேட்ட அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. இருபது வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்று தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான். பிள்ளை பிறக்காததற்கு, மாமியார் நோய்க்கு, அண்ணன் தம்பி சண்டைக்கு, எல்லாவற்றுக்கும். யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. இன்றைக்கும் அந்தப் பாடத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். இறக்கி வைத்த மூட்டையோடு வேறு எதையெல்லாம் இறக்கினேன் என்று பார்க்காததுதான் என் கோளாறு.

பழக ஆரம்பித்தேன். காய் நறுக்கும்போது, ‘கைகள் நறுக்குகின்றன.’ பஸ்ஸில், ‘கால்கள் ஏறுகின்றன.’ என் கணவருக்கு இது நல்ல வேடிக்கை. “ஞானி வந்தாச்சு, இனிமே நம்ம வீட்டுல காப்பி தானாக் கொதிக்கும்” என்பார். கஞ்சி கொட்டிய நாளுக்குப் பிறகு அவர் அந்தக் கேலியை நிறுத்திவிட்டார். அதையும் நான் நல்லது என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் வந்த ஒரு வியாழக்கிழமை வேலை கூடுதலாக இருந்தது. இரண்டு தடவையாக வேகவைக்க வேண்டிய பொட்டலங்கள். அப்படிச் செய்தால் கிளம்ப ஆறரை ஆகிவிடும். ஆறு மணிக்கு மந்திர வகுப்பு. அன்று நான் முதல் வரி சொல்லித் தொடங்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் ஒரே தடவையாக ஏற்றச் சொன்னேன்.

பொட்டலம் ஏற்றுகிறவள் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “யக்கா, ரொம்ப இறுக்கமா இருக்கு. ரெண்டாப் போட்டுருவமா?”

“போடு, ஒண்ணும் ஆகாது.”

“நடுவுல ஆவி போகணும்லக்கா.”

“போகும் போகும். நீ ஏத்து.”

ஏற்றினாள். முழங்காலால் தள்ளித்தான் கடைசிக் கூடை உள்ளே போனது. நேரம் முடிந்து திறந்தபோது மணி ஐந்தரை. பொட்டலங்களின் மேல் ஒட்டியிருந்த, ஆவி பட்டால் கறுக்கிற பட்டைகள் எல்லாம் கறுத்திருந்தன. நடுப் பொட்டலத்தைத் தேடி எடுத்தேன், பிரித்தேன், ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் முழுக்க நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. ‘கைகள் பிரிக்கின்றன. கைகள் ஒட்டுகின்றன.’ என் முதல் வரியும் நடுநடுவே ஓடியது. ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பிசகில்லாமல் சொன்னேன். பதினாறு பேர் பின்னால் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பெட்டிகள் மதுரை டீலருக்கு லாரியில் போய்விட்டன.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். வேறு ஒரு காகிதத்தை ஒட்ட நோட்டை எடுத்தவள், பசை காய்ந்திருக்கிறதா என்று முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். வியாழக்கிழமைக் காகிதம் அங்கே இருந்தது. கோடுகள் கறுக்கவில்லை. நீர்த்துப்போன காப்பி நிறத்தில் இருந்தன. ஒரு கோடு வெள்ளையாகவே இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து, வழக்கத்தைவிட அழகாக.

சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். வியாழக்கிழமையும் அது இப்படித்தான் இருந்திருக்கும், இதே கண்ணுக்கு முன்னால். பார்த்துக்கொண்டிருப்பதே என் சாதனை என்று இருந்தவள், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறேன்.

அப்போது எனக்குள் நடந்ததை இன்று நினைத்தாலும் கூசுகிறது. பயம் மேலே வரத் தொடங்கியது. அதற்குள் அந்த நிதானமான குரல் முந்திக்கொண்டது. ‘செய்தது நீ இல்லை. கைகள் செய்தன. நடந்தது நடந்தது. நீ பார்.’ உடனே பயம் இறங்கிவிட்டது. காற்று நின்ற குளம் மாதிரி ஆகிவிட்டது மனசு. எனக்கு அது பிடித்திருந்தது. அதைத்தான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பிடித்திருந்தது.

“என்னக்கா அப்படியே நிக்கிய?” என்றாள் அவள், கூடையோடு.

“ஒண்ணுமில்ல.”

நோட்டை மூடினேன். முதலாளியின் அறை பத்தடி தூரம். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஐந்து மணிக்குப் பூ வாங்கினேன், வீட்டுக்குப் போனேன், உப்புமா கிண்டினேன். கணவர் ருசியாக இருக்கிறது என்றார். நன்றாகத் தூங்கினேன். பூனை கண்ணை மூடிக்கொண்டு இருட்டு என்று நினைத்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பூனைக்கு இவ்வளவு நல்ல தூக்கம் வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை வழக்கம்போல பஸ் ஏறினேன். மலைப்பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. எதிர்வரிசையில் ஒருவர் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்து விழுந்திருப்பார் போல. புதுத் துணி. என் கண் அந்த மனிதரின் முகத்துக்குப் போகாமல் துணிக்குப் போனது. ஓர நெசவைப் பார்த்து எங்கள் ஊர்த் துணிதான் என்று தெரிந்துகொண்டேன். காதுக்கு மேலே மஞ்சளாக ஒரு கசிவு இருந்தது. ‘கண் பார்க்கிறது’ என்று தொடங்கினேன். அவர் திரும்பி, என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வகுப்பில் பாடம் முடிந்து கேள்வி நேரம் வந்தது. நான் கையைத் தூக்கினேன். ராத்திரி தூங்கினவளுக்கு எதற்குக் கேள்வி? தூக்கத்துக்கு அடியில் ஏதோ உறுத்தியிருக்கிறது, அதற்கு ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தேன்.

“சார், நான் எதையும் செய்கிறவள் இல்லை என்றால், என் உடம்பு ஒரு தப்புச் செய்துவிட்டால், அந்தத் தப்பு யாருடையது?”

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “எல்லாரும் இவங்க கேட்டதைக் கவனிங்க” என்றார். “மூணு வருஷம் ஆழமா யோசிச்சவங்களாலதான் இப்படிக் கேட்க முடியும்.” பிறகு அலையையும் தண்ணீரையும் வைத்து விளக்கினார். அழகான விளக்கம்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

என் முதுகு நிமிர்ந்தது. முகம் சூடாகிச் சிரிப்பு வந்தது. ‘நான் கேட்டேன்’ என்றது மனசு. நன்றாகக் கேட்டேன்.

அந்த இடத்தில்தான் என்னை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். தப்புக்கு நான் இல்லை, கைகள் செய்தன. பாராட்டுக்கு மட்டும் ‘வாய் கேட்டது’ என்று உள்ளே ஒரு குரலும் சொல்லவில்லை. ஒரு விநாடி தாமதமில்லாமல் ‘நான்’ எழுந்து வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டது. நேற்று மூன்று மணிக்கு எங்கே போயிருந்தாள் இவள்?

சார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை. நான் கட்டுத்துணியை மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் கொடுத்தேன். அவர் கேள்விக்குப் பதில் சொன்னார். தேள் கொட்டினால் தேள் என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வலிக்கிறது, அழகாக விளக்குங்கள் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

எழுந்து வெளியே வந்துவிட்டேன். தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பால்கோவாக் கடை வாசலில் வெளியூர்க் குடும்பம் ஒன்று பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டிகளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தெருவோரத்தில், மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை, ஒரே தடவை, காகிதம், கையெழுத்து, நேற்று மதியமே பார்த்தது, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதறினால் அதுதான் முதலில் வரும். “அய்யோ தேவுடா” என்றார். பிறகு, “லோடு ஏத்துனது யாரு? அந்தம்மாதான?”

மறுபடியும் அந்தக் குரல் எட்டிப் பார்த்தது. ‘ஏற்றியவை அவள் கைகள்தானே’ என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதிகம் பயந்தது அந்த நொடியில்தான். எனக்குக் கணவரின் பென்ஷன் இருக்கிறது. அவளுக்கு அந்த வேலை போனால் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் போய்விடும். அது தெரிந்தும் குரல் எட்டிப் பார்த்தது.

“அவ ரெண்டாப் போடலாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல. அவ மேல ஒண்ணும் கிடையாது” என்றேன்.

“சரி. வைங்க. டீலருக்குப் பேசிட்டு வாரேன்.”

கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். பெட்டிகள் எல்லாம் டீலரின் குடோனிலேயே இருந்தன. ஒன்றைத் தவிர. பக்கத்து மாவட்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அவசரம் என்று சனிக்கிழமை சாயங்காலம் ஆள் அனுப்பி ஒரு பெட்டியை வாங்கிப் போயிருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரி.

சனிக்கிழமை சாயங்காலம். நான் பூ வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

“ஆஸ்பத்திரியில அவிய இன்னொருக்க வேகவச்சுத்தான எடுப்பாவ?” என்று கேட்டார் முதலாளி. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற குரல்.

“பிரிச்ச உடனே வைக்கலாம்னு நம்மதான அச்சடிச்சிருக்கோம்.”

“நீங்களே பேசிருங்கம்மா. நம்பர் அனுப்புதேன். எனக்கு வாய் வராது.” எனக்கு மட்டும் வருமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை ஒரு நர்ஸ் எடுத்தார்.

“யாரு பேசுறது?”

“இராஜபாளையம் கட்டுத்துணிக் கம்பெனியிலருந்து பேசுறேன்.”

“கம்பெனியில யாரு?”

மூன்று வருஷத்தில் அந்தக் கேள்விக்கு எத்தனையோ பெரிய பதில்கள் படித்திருக்கிறேன். ஒன்றுகூட அந்தப் போனில் சொல்வதற்கு உதவாது.

“நேத்து நீங்க வாங்குன பெட்டியச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டவ நான். சரியாப் பாக்காமப் போட்டுட்டேன். அது சுத்தமாகல. எடுக்காதீங்கம்மா.”

அந்தப் பக்கம், தூரத்தில் ஒரு பச்சைக் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“பெட்டியப் பிரிச்சாச்சே” என்றார் நர்ஸ், மெதுவாக. “நேத்து ராத்திரி ஒரு ஆபரேஷன் டெலிவரி. அதுல ரெண்டு பொட்டலம் எடுத்தோம்.”

“அந்த அம்மா எப்படி இருக்காவ?”

“பிள்ளை நல்லா இருக்கு. அம்மாவுக்குக் காலையிலருந்து காய்ச்சல் அடிக்கி.” பிறகு, “செத்த நேரம் லைன்லயே இருங்க. டாக்டரக் கூப்பிடுதேன். அவிய உங்ககிட்டக் கேப்பாவ.”

இருந்தேன். பயமாக இருந்தது. உடம்பெல்லாம் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைத் தள்ளி நின்று பார்க்க நான் முயலவில்லை. டாக்டர் வந்து கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னேன். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் கோடு வெள்ளையாக இருந்தது. அவர் திட்டவில்லை. ஒரே ஒன்று கேட்டார்: “எப்பம்மா பாத்தீங்க இதை?” நேற்று மூன்று மணிக்கு என்றேன். ஆபரேஷன் ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்து வந்த நாட்களில் தினமும் காலையில் அந்த நம்பருக்குப் பேசினேன். திங்கள், காய்ச்சல் இருக்கிறது. செவ்வாய், தையலில் நீர் கோத்திருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறார்கள். புதன்கிழமை யாரும் போனை எடுக்கவில்லை. அன்று நான் ஸ்டெரிலைசர் அறையில் நின்ற நிற்பைப் பார்த்து, விஷயம் முழுதும் தெரிந்த, பொட்டலம் ஏற்றுகிறவள், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து என் கையில் கொடுத்து, “நான் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேங்க்கா, நீங்க சாப்பிடுங்க” என்றாள். நான் அழுதேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அழுதேன்.

ஒன்பதாம் நாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போய்விட்டதாக நர்ஸ் சொன்னார். காய்ச்சல் எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். உங்கள் துணியாக இருக்கலாம், பால் கட்டியதாக இருக்கலாம், ஆபரேஷன் செய்தால் சிலருக்கு வருவதுதான் என்றார்.

“எதனாலயும் இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது.”

முதலாளியிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “அப்பாடா, நம்மளால இல்ல” என்றார். வீட்டில் கணவரும் அதையே சொன்னார். அந்த இரண்டு பேர் மேலும் எனக்குப் பிரியம் உண்டு, அவர்கள் என்னைத் தேற்றத்தான் சொன்னார்கள். ஆனால் டாக்டர் ‘எதனாலும்’ என்று சொன்னதற்குள் நானும்தான் இருக்கிறேன்.